90 சதவீத வருகை ஏன் நல்ல செய்தி அல்ல: தலைமை ஆசிரியரின் கடிதத்தைப் படிக்கும் விதம்

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பருவத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு எழுதும் கடிதம் எந்த ஊரில் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். முதலில் மாணவர் வாழ்க்கை: விளையாட்டு விழா நன்றாக நடந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தோட்டம் போட்டார்கள், மாணவர் மன்றத்துக்குப் புதுப் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். அடுத்து வருகை: போன மாதம் இத்தனை சதவீதம், தயவுசெய்து முதல் மணிக்கு முன்பே பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள். கடைசியில் மரியாதை: ஒருவரை ஒருவர் மதிப்போம், நல்ல வார்த்தை பேசுவோம். பெற்றோரில் பலர் விடுமுறைத் தேதியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடிதம் எழுதப்படும் விதமே அப்படி.

ஆனால் அந்த மூன்று பத்திகளும் தனித்தனிச் சங்கதிகள் இல்லை. ஒரு பிள்ளை பள்ளிக்குள் எப்படி நடத்தப்படுகிறது என்பது பல நேரம் முதலில் வருகைப் பதிவேட்டில்தான் தெரியவரும். வருகை குறைந்தால் கூட்டாளிகள் குறைவார்கள். கூட்டாளிகள் குறைந்தால், மறுநாள் கிளம்பி வருவதற்கு இருக்கிற காரணமும் குறையும். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 28-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒழுங்கான வருகையை ஊக்குவிக்கவும் இடைநிற்றலைக் குறைக்கவும் அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் முதல் பகுதி. பள்ளியின் கட்டுப்பாடு குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அடுத்த பகுதி. வருகையும் மரியாதையும் ஒரே பிரிவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

90 என்ற எண்

வருகையில் இருந்தே தொடங்கலாம். தேர்வில் 90 வாங்கினால் வீட்டில் கொண்டாட்டம். அதே பழக்கத்தில்தான் வருகை 90 சதவீதம் என்று வந்தாலும் பெற்றோர் திருப்தி அடைகிறார்கள். கணக்குப் போட்டால் திருப்தி போய்விடும். இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு 190 நாள். அதில் 10 சதவீதம் என்றால் 19 நாள், அதாவது கிட்டத்தட்ட நான்கு பள்ளி வாரங்கள். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடலாம். இரண்டு நாள்தானே என்று ஒவ்வொரு மாதமும் தோன்றும். மொத்தமாக ஒரு மாதம் காணாமல் போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதனால்தான் இங்கிலாந்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமல் இருந்த பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே காலையும் பிற்பகலும் தனித்தனியாகப் பதியப்படும். ஆண்டுக்கு 380 அமர்வுகள். இந்த எல்லைக்கோடும் நிலையாக இருந்ததில்லை. முன்பு 20 சதவீதமாக இருந்தது, 2011-ல் 15 ஆனது, 2015-ல் 10-க்கு இறங்கியது. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்கள் 10 சதவீதத்தையே எல்லையாக வைத்திருக்கின்றன. பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. “லீவு லெட்டர் கொடுத்தாச்சே, அப்புறம் ஏன் கணக்கில் சேர்க்கிறீர்கள்?” இந்தக் கணக்கு அனுமதி வாங்கிய லீவையும் வாங்காத லீவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் அன்று நடத்திய கழித்தல் கணக்கு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. யார் மேல் தப்பு என்பது இதில் கேள்வியே இல்லை. என்ன தவறிப்போனது என்பதுதான் கேள்வி.

பள்ளியின் சராசரியை மட்டும் கடிதத்தில் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சராசரி வருகை 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேருமே ஆண்டுக்கு ஒன்பது பத்து நாள் லீவு போட்டிருந்தாலும் அந்த எண் வரும். தொண்ணூறு பேர் 97 சதவீதம் வந்து, மிச்சமுள்ள பத்துப் பேர் 77 சதவீதம் மட்டுமே வந்திருந்தாலும் அதே எண்தான் வரும். இரண்டாவது பள்ளியில் அந்தப் பத்துப் பிள்ளைகளும் 190 நாளில் சுமார் 44 நாள் வகுப்பில் இல்லை. முதல் பள்ளிக்குப் பொதுவான நினைவூட்டல் போதும். இரண்டாவது பள்ளியில் யாராவது பத்து வீடுகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். கடிதத்தில் இரண்டு பள்ளியும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால் சராசரியைச் சொல்லும் தலைமை ஆசிரியர், 90-க்குக் கீழே எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல். இல்லையென்றால் அலங்காரம்.

தாமதத்தின் கணக்கும் இதே மாதிரிதான். தினம் பத்து நிமிடம் என்றால் 190 நாளில் 1,900 நிமிடம், அதாவது 31 மணி நேரத்துக்கு மேல். ஆனால் மணிக்கணக்கைவிட அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பையை மாட்டுவது, நேற்றைய கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி முடிப்பது, இன்றைக்கு யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்று முடிவாவது, டீச்சர் முதல் வேலையை விளக்குவது எல்லாம் அப்போதுதான். தாமதமாக வரும் பிள்ளை கதவைத் திறக்கும்போது முப்பது தலைகள் திரும்பும். எங்கே உட்காருவது என்று தெரியாது, எந்தப் பக்கம் என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். தாமதம் பெரும்பாலும் பெரியவர்களால் வருவது. கூச்சப்படுவது மட்டும் பிள்ளை.

பெற்றோர் மனதில் இன்னொரு சந்தேகமும் இருக்கும். வருகைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது பணத்துக்காகத்தானோ? வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் 1862-ல் வந்த விதிமுறை, பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும், ஆய்வாளர் வந்து வைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வோடும் கட்டிவைத்தது. பதிவேட்டில் விழும் ஒவ்வொரு கோடும் காசாக மாறியது. கட்டாயக் கல்வி என்று அங்கே சட்டம் வந்ததே அதற்குப் பிறகு, 1880-ல்தான். இன்றைக்கும் கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்கான நிதி அன்றாடச் சராசரி வருகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆக, பதிவேடு பிறந்ததில் இருந்தே அதற்கு இரண்டு முகம். நிர்வாகத்துக்கு அது கணக்குப் புத்தகம், வகுப்பாசிரியருக்கு அது எச்சரிக்கை மணி. எந்த முகத்தோடு கடிதம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பெற்றோர் நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பத்தி கடிதங்களில் நீளமாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறவிட்ட மாணவர்கள் 2018–19-ல் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர்; 2021–22-ல் ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் அதே காலத்தில் அப்படித் தவறவிட்ட மாணவர்களின் பங்கு 15 சதவீதத்தில் இருந்து 28 சதவீதம் ஆனது. ஆஸ்திரேலியாவில் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 90 சதவீதமோ அதற்கு மேலோ வந்த மாணவர்கள் 2019-ல் சுமார் 73 சதவீதம். 2022-ல் அது ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு விழுந்தது. நோய் ஒரு காரணம், அது மட்டும் இல்லை. தினம் போய்த்தான் ஆக வேண்டும் என்ற பழக்கம் ஒருமுறை அறுந்தால் தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

வயிற்றுவலி எந்தக் கிழமையில் வருகிறது

தொடக்கப் பள்ளி வயதில் யாரும் வகுப்பைக் கட் அடிப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளை வருமா வராதா என்பதைக் காலை ஏழரை மணிக்கு ஒரு பெரியவர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவுக்குப் பின்னால் காய்ச்சல் இருக்கலாம், வண்டி கிடைக்காமல் போயிருக்கலாம், அம்மாவின் இரவு வேலை இருக்கலாம், குடும்பப் பயணம் இருக்கலாம், பயமும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ‘தவறாமல் அனுப்புங்கள்’ என்ற ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் அனுப்புவதில் பெரிய பயன் இல்லாததும் அதனால்தான்.

இவற்றில் பயம்தான் கண்டுபிடிக்கக் கடினமானது, ஏனென்றால் அது வயிற்றுவலியாக வேஷம் போட்டு வரும். வேஷம் என்றாலும் வலி பொய் இல்லை. பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வரை ஓடி ஆடிக்கொண்டிருந்தாள். திங்கள் காலை சீருடையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். பத்து மணிக்கு வலி போய்விடுகிறது, படம் வரைய உட்கார்ந்துவிடுகிறாள். நடிக்கிறாள் என்கிறார் அப்பா. டாக்டரைப் பார்க்கலாம் என்கிறார் அம்மா. கவனமான வகுப்பாசிரியர் செய்யும் வேலை இன்னொன்று: பதிவேட்டில் அந்தப் பெயரின் வரிசையை மட்டும் விரலால் நகர்த்திப் பார்ப்பது. லீவெல்லாம் திங்களில் விழுகிறதா, புதன்களில் விழுகிறதா? புதன் என்றால் புதனுக்கு என்ன? நீச்சலா, உரக்க வாசிக்கும் நாளா, வழக்கமான டீச்சர் இல்லாமல் வேறொருவர் வரும் நாளா? லீவு விழும் கிழமை, எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோஃபர் கெர்னி, அந்த மறுப்பு நான்கு வேலைகளில் ஒன்றையோ பலவற்றையோ செய்கிறது என்று வகுத்தார். பள்ளியில் மனதைக் கலக்கும் ஏதோ ஒன்றில் இருந்து தப்பிக்க. பிறர் முன்னால் மதிப்பிடப்படும் தருணத்தில் இருந்து தப்பிக்க. பெற்றோரின் கவனத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள. அல்லது வீட்டில் கிடைக்கிற ஏதோ ஒன்று பள்ளியைவிடச் சுவையாக இருப்பதால். முதல் இரண்டில் பிள்ளை எதையோ விட்டு ஓடுகிறது, பின் இரண்டில் எதையோ நாடி வருகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் கண்டிப்புக் காட்டினால் ஓடும் பிள்ளை இன்னும் வேகமாக ஓடும். செல்லம் கொடுத்தால் நாடி வரும் பிள்ளைக்கு வீடே நிரந்தரமாகிவிடும்.

“ஏன் போக மாட்டேங்குற?” என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: “தெரியல.” உண்மையிலேயே தெரியாது. அதைவிட அன்றைய நாளைத் துண்டு துண்டாகக் கேட்பது நல்லது. வண்டியில் யார் பக்கத்தில் உட்காருவாய்? மணி அடித்ததும் வரிசையில் உனக்கு முன்னால் யார், பின்னால் யார்? இடைவேளையில் எந்த இடத்தில் நிற்பாய்? யாரோடு சாப்பிடுவாய்? கழிவறைக்கு எப்போது போவாய்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் பெரிய பிள்ளைகள் மொய்த்திருக்கும் கழிவறைக்குப் போக அஞ்சி, தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கழிக்கும் சின்னவர்கள் உண்டு. பதில் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறதோ அதைத்தான் வகுப்பாசிரியரிடம் எடுத்துப் போக வேண்டும்.

உடம்பு சரியில்லாத நாளுக்கு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பிரிட்டனின் தேசியச் சுகாதார சேவை சொல்வது இது: லேசான சளி, இருமல் மட்டும் இருந்து பிள்ளை மற்றபடி தெம்பாக இருந்தால் அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால் விடும்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அது நின்ற பிறகும் 48 மணி நேரம் அனுப்பக் கூடாது. வருகை வருகை என்று எழுதும் கடிதத்தில் இந்த மூன்று வரியையும் சேர்த்துவிட்டால், கொதிக்கும் உடம்போடு பிள்ளையை அனுப்பும் கூத்தும் குறையும்.

சின்ன வகுப்பில் லீவு போட்டால் என்ன, அங்கே பாட்டும் படமும்தானே என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இது தலைகீழ். பெரிய வகுப்பில் விட்ட பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே படித்துக்கொள்ளலாம். வாசிக்கவே கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. எழுத்தும் ஒலியும் சேரும் பாடங்கள் படிக்கட்டாக ஏறும். இரண்டு படி விட்டால் மூன்றாவதில் கால் வைக்க முடியாது. அமெரிக்காவில் ஹெடி சாங்கும் மரியஹோசே ரொமேரோவும் 2008-ல் வெளியிட்ட அறிக்கைதான் இந்த வயதின் மேல் வெளிச்சம் போட்டது. பள்ளியில் சேரும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஒரு மாத அளவு தவறவிடுகிறது என்று அது காட்டியது. அதுவரை வருகைப் பிரச்சினை என்றாலே பதின்ம வயதினர் ஊர் சுற்றுவதாகத்தான் பேச்சு.

கடிதமும் சான்றிதழும்

கடிதம் போட்டால் வருகை கூடுமா? கூடும், என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து. டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, முடிவுகளை 2018-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கவனித்த முதல் விஷயம், அதிகமாக லீவு போடும் பிள்ளைகளின் பெற்றோர் அந்த எண்ணிக்கையைக் குறைத்தே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. பொய் சொல்வதில்லை, உண்மையாகவே மறந்துவிடுகிறார்கள். சில குடும்பங்களுக்கு வருகை முக்கியம் என்ற நினைவூட்டல் மட்டும் போனது. சிலருக்கு ‘உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை’ என்ற எண்ணும் சேர்ந்து போனது. இன்னும் சிலருக்கு வகுப்பிலுள்ள மற்றவர்களோடு ஒப்பீடும் சேர்ந்தது. நாள் கணக்கைச் சொன்ன கடிதம் வெறும் நினைவூட்டலைவிட நன்றாக வேலை செய்தது; தொடர்ந்து தவறவிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஒப்பீடு சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கடைசி வரியைத் தலைமை ஆசிரியர்கள் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளலாம். ‘மற்ற பெற்றோர் எல்லாம் அனுப்புகிறார்களே’ என்று குத்திக்காட்ட வேண்டிய தேவையே இல்லை. எண்ணைச் சொன்னால் போதும், மிச்சத்தைப் பெற்றோரே புரிந்துகொள்வார்கள்.

சான்றிதழ் விஷயம் இன்னும் விசித்திரமானது. கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த சோதனையில், முழு வருகைக்கு விருது உண்டு என்று முன்கூட்டியே அறிவித்ததால் பலன் எதுவும் இல்லை. முன்பு ஒரு மாதம் முழுதாக வந்ததற்காக எதிர்பாராமல் விருது வாங்கியவர்கள், அதற்குப் பிறகு லீவு போடுவது சற்றுக் கூடியது. தாங்கள் தேவைக்கு மேலேயே வந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெரிய பிள்ளைகளிடம் கண்டது சின்னவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் தொடக்கப் பள்ளியில் 100 சதவீதச் சான்றிதழுக்கு எதிராக எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் ஒருநாளும் கிடைக்காது. மேடையில் ஏறும் பிள்ளைக்கு அதில் பெரிய சாதனை இல்லை, காலையில் எழுப்பிவிட்ட அம்மாவுக்குத்தான் சாதனை. கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைக்கு மட்டும் தன் மூச்சுக்குழாய் ஒரு குற்றம் என்று தெரியவரும். போன பருவத்தைவிட நான்கு நாள் கூடுதலாக வந்தவரைப் பெயர் சொல்லித் தனியே பாராட்டினாலே போதும்.

மரியாதை என்று எழுதும்போது

மூன்றாவது பத்திதான் பெரும்பாலும் வெறும் வார்த்தையாக நின்றுவிடுகிறது. சுவரில் ‘மரியாதை’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து என்ன செய்யும்? அதற்குப் புரிகிற அளவில் சொல்ல வேண்டும்: அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திரு, பென்சிலைக் கேட்டுவிட்டு எடு, பட்டப்பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அத்தோடு நிறுத்து. வகுப்பறைக்கு ஒன்று, சாப்பாட்டு இடத்துக்கு ஒன்று, கழிவறை வரிசைக்கு ஒன்று என்று இடம் இடமாகச் சொல்லி, செய்து காட்டி, பழக்க வேண்டும். பெருக்கல் வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லிவிட்டு வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடத்தையை மட்டும் ஒரு அசெம்பிளியில் பேசிவிட்டு வந்துவிடும் என்று நம்புகிறோம்.

அதைவிட, பிள்ளைகள் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தரையைக் கூட்டுபவரிடம் ஆசிரியர் எந்தக் குரலில் பேசுகிறார், மெதுவாக வாசிக்கும் பிள்ளையிடம் பொறுமை எவ்வளவு நேரம் தாங்குகிறது, ஒருவர் செய்த சேட்டைக்கு வகுப்பையே நிற்க வைக்கிறாரா என்பதெல்லாம் தினசரிப் பாடம். தாமதமாக வந்த பிள்ளையிடம் “வாங்க துரை, இப்பதான் விடிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அடுத்த முறை தாமதமாகும்போது பிள்ளை வராமலே இருந்துவிடும். மரியாதைப் பத்தியில் இருக்க வேண்டிய விஷயம் வருகைப் பத்தியின் எண்ணைக் குறைக்கும் இடம் இதுதான்.

பிள்ளைகளுக்குள் நடக்கும் கிண்டலைப் பற்றியும் ஓரளவு தெளிவு வேண்டும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு மறுநாள் கூடிக்கொள்வது ஒன்று, ஒருவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவது வேறொன்று. நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் பெரியவர்கள் கண்ணில் தப்பும். ‘நீயும் திருப்பிப் பேச வேண்டியதுதானே’ என்பது பலம் சமமாக இருப்பவர்களுக்குச் சொல்லக்கூடிய அறிவுரை.

டொரன்டோவின் தொடக்கப் பள்ளி விளையாட்டு மைதானங்களில் படம்பிடித்து ஆராய்ந்து 2001-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. துன்புறுத்தல் நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட முறை பத்தே விநாடியில் அது நின்றது. துன்புறுத்துபவருக்கும் துன்பப்படுபவருக்கும் மட்டும் புத்தி சொல்லும் பள்ளிகள், சுற்றி நிற்கும் பெருங்கூட்டத்தை மறந்துவிடுகின்றன. “டேய் விடுடா, வா விளையாடலாம்” என்ற ஒரு வரியைச் சொல்லப் பழக்குவதற்குச் செலவு எதுவும் கிடையாது.

நடந்துவிட்ட பிறகு என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1994-ல் ஒரு பள்ளியில் தொடங்கிய சீர்செய்யும் அணுகுமுறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்காமல், என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன வேண்டும் என்று கேட்பது. கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். இதை “ரெண்டு பேரும் கை குலுக்குங்க, முடிஞ்சது” என்று சுருக்கிவிட்டால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இரட்டைத் தண்டனை. அந்தப் பிள்ளை தயாராகும் முன்பு எதிரில் உட்கார வைக்கக் கூடாது.

தண்டனையாக இடைவேளையைப் பிடுங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-லேயே அதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாள் முழுக்க உட்கார முடியாமல் நெளியும் பிள்ளைக்குத்தான் அந்த இருபது நிமிட ஓட்டம் மிக அவசியம். அதையே பறித்துவிட்டுப் பிற்பகலில் அமைதியாக இரு என்றால் எப்படி?

பெற்றோர் பங்கும் இதில் உண்டு. பள்ளி வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே டீச்சரைத் திட்டுவது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டு விசாரணை நடத்துவது எல்லாம் அந்த மூன்றாம் பத்தியின் எல்லைக்குள் வருபவையே. கடிதங்களில் தலைமை ஆசிரியர்கள் இதைப் பூசி மெழுகியே எழுதுகிறார்கள். நேராக எழுதலாம்.

முதல் பத்திக்குத் திரும்பினால்

விளையாட்டு விழா, தோட்டம், மாணவர் மன்றம் என்ற முதல் பத்தி இடம் நிரப்ப எழுதியது போலத் தோன்றும். எண்களை வைத்து இவ்வளவு பேசிய பிறகு பார்த்தால் அதுதான் வருகைக்கான மருந்து. யாரோ ஒரு பிள்ளைக்கு வாரத்தில் கிளம்பி வரத் தோன்றும் ஒரே நாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளாக இருக்கும். அதனால் அந்தப் பத்தியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம்: எல்லாப் படத்திலும் அதே நான்கு பிள்ளைகள்தானா? மாணவர் மன்றம் எதையாவது கேட்டு வாங்கியிருக்கிறதா, அல்லது பேட்ஜ் குத்திப் படம் எடுத்ததோடு சரியா? தங்களைப் பற்றிய விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்வதும் அதற்கு மதிப்புக் கிடைப்பதும் அதே உடன்படிக்கையின் 12-வது பிரிவில் இருக்கும் உரிமை.

நீண்ட லீவுக்குப் பிறகு திரும்பி வரும் பிள்ளையை எப்படி எடுத்துக்கொள்வது என்று எழுதியிருக்கும் கடிதங்கள் குறைவு. எழுத வேண்டும். முதல் நாள் வாசலில் ஒருவர் காத்திருப்பது, பழைய இடத்தையே வைத்திருப்பது, விட்ட பாடத்தில் எது அவசியம் என்று தேர்ந்தெடுத்து அதை மட்டும் கொடுப்பது, ‘எங்க போயிருந்த?’ என்று இருபது பேர் கேட்கும்போது சொல்ல ஒரு சின்னப் பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. முதல் வாரம் சரியாகப் போகாவிட்டால் இரண்டாவது லீவு வெகு சீக்கிரம் வரும்.

எந்தக் கடிதத்திலும் எழுத முடியாத ஒன்றும் உண்டு. தன் பிள்ளையைத் துன்புறுத்திய பிள்ளைக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள், பள்ளி சொல்லாது. மூடி மறைக்கிறார்கள் என்று கோபம் வரும். ஆனால் இன்னொரு பிள்ளையின் விவரத்தை வெளியில் சொல்லாததுதான் முறை. நாளை உங்கள் பிள்ளையின் விவரத்துக்கும் அதே காவல்தான். அதனால் அந்தக் கேள்வியோடு மோதுவதைவிட, பள்ளி பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளைக் கேட்பது புத்திசாலித்தனம். இடைவேளையில் என் பிள்ளை இருக்கும் பக்கம் யார் கண்காணிக்கிறார்கள்? மறுபடியும் நடந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் அன்று இல்லையென்றால் யாரிடம்? இன்னும் இரண்டு வாரம் கழித்து, எந்தத் தேதியில் நாம் மறுபடி பேசுகிறோம்? இந்த மூன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் பதிலாக வந்தால், அடுத்த பருவத்தில் அந்தப் பள்ளியின் கடிதத்தை விடுமுறைத் தேதிக்காக மட்டும் பிரிக்க மாட்டீர்கள்.